ஞானதானமும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சியும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமான் திருவடி வாழ்க. 

இல்லறத்தார் இயற்ற வேண்டிய தானங்களைச் சமண அறநூல்கள் நான்காக வகுத்துள்ளன. ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்பன அவை. பசித்தவருக்கு உணவு, பிணியுற்றவருக்கு மருந்து, அறிவை நாடுவோர்க்குக் கல்வி, அஞ்சி நிற்கும் உயிர்க்கு அடைக்கலம். இந்நான்கனுள் முன்னிரண்டின் பயன் உடனே கண்ணுக்குத் தெரியும். இட்ட சோறு அன்றே பசி தீர்க்கும்; கொடுத்த மருந்து சில நாளில் காய்ச்சலைத் தணிக்கும். ஆதலின் அறக்கட்டளைகள் அன்னதானத்திலும் மருத்துவ முகாமிலும் முனைந்து நிற்பது இயல்பே. சாத்திர தானம் எனப்படும் ஞானதானத்தின் பயனோ பல ஆண்டு கழித்தே தெரியும். அதனால் அது பெரும்பாலும் நோட்டுப் புத்தகம் வழங்குவதோடும், முதல் மதிப்பெண் பெற்றவருக்குக் கேடயம் அளிப்பதோடும் நின்றுவிடுகிறது. கேடயம் பெறும் பிள்ளை முன்னரே கரையேறிய பிள்ளை. கரைக்கு வர இயலாமல் நீரில் நிற்கும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதே சிந்திக்கத் தக்கது.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டித் தொடரும் தோல் தொழில் வட்டாரத்தில் அத்தகைய பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுள் சிலரையேனும், பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஆறு வாரம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அமர்த்தி, உதவித்தொகையும் வழிகாட்டியும் தந்து, உண்மையான அறிவியல் ஆய்வில் பழக்குவது ஞானதானத்தின் காலத்துக்கேற்ற வடிவம் ஆகும். அதன் தேவை, அதற்கு உலகில் உள்ள முன்மாதிரி, அதனைச் சமணர் செய்யலாமா என்னும் ஐயம், செய்யும் முறை ஆகியன இவ்வுரையில் முறையே அமைகின்றன.

பள்ளியும் கிணறும்

பள்ளி என்னும் சொல் சமண முனிவர் தங்கிய இடத்தைக் குறித்து வழங்கி, பின்னர்க் கல்வி பயிலும் இடத்துக்கு ஆகிவந்தது என்பது அறிஞர் பலரும் கூறும் செய்தி. இவ்வட்டாரம் அதற்குச் சான்று நிறைந்தது. வேலூர் மாவட்டத்து வள்ளிமலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையில் நிற்கின்றன. திருப்பத்தூர் மாவட்டம் மலையாம்பட்டின் ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்கள் எஞ்சியுள்ளன. ஆற்காட்டுக்கு அருகில் பஞ்சபாண்டவர் மலை என்று மக்கள் அழைக்கும் திருப்பான்மலை சமணப் பெரியோர் வாழ்ந்த மலை.

அம்மலைக்கு அண்மையில் உள்ள விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திருப்பான்மலை அரிட்டநேமிப் பிடாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தி அடிகள் என்னும் பெண் துறவி கிணறு ஒன்று அமைத்ததை அது கூறுகிறது. பத்தாம் நூற்றாண்டில் நிகழ்ந்த அக்கொடையில் இரண்டு செய்திகள் கருதத் தக்கன. ஒன்று, கொடுத்தவர் ஓர் ஆசிரியரிடம் பயின்ற பெண். மற்றொன்று, அவர் கொடுத்தது நல்ல நீர். கல்வியும் நீரும் அன்று ஒரே கையிலிருந்து ஊருக்குக் கிடைத்தன. இன்று அதே பாலாற்றுப் படுகையில் எத்தனையோ கிணறுகளின் நீர் வாயில் வைக்க இயலாததாகிவிட்டது. அக்கிணறுகளை அடுத்த வீடுகளில் வாழும் பெண்பிள்ளைகள் பள்ளி முடித்ததும் காலணி ஆலைப் பேருந்தில் ஏறுகின்றனர்.

பாலாறும் தோலும்

தோல் பதனிடுதல் இங்கே நெடுங்காலத் தொழில். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்டு, அரைகுறையாக முடித்த தோலை ஏற்றுமதி செய்வதே முன்பு வழக்கமாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுமையாக முடித்த தோலும் காலணியும் பெருகின. அவற்றோடு குரோமிய உப்பால் பதனிடும் முறையும் பெருகியது. தொழில் வளர்ந்தது, அந்நியச் செலாவணி வந்தது, பல்லாயிரம் குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, மாதச் சம்பளம் கிடைத்தது. இதனை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

அதே வேளையில் நிலமும் நீரும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். ஒரு கிலோ தோலைப் பதனிட 40 லிட்டர் நீர் வேதிப்பொருள்களோடு செலவாகிறது என்றும், தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை அது நிலைநாட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வளர்ந்தன. கழிவுநீரை வெளியே விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் முறையும் வந்தது. ஆயினும் பழைய சேதம் தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் விரிவான தீர்ப்பு வழங்க நேர்ந்ததே அதற்குச் சான்று.

வழக்கறிஞர் வாதாடினர், நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், அதிகாரிகள் அளந்தனர். அக்கிணற்று நீரை நாள்தோறும் இறைக்கும் குடும்பத்திலிருந்து அந்நீரை அளக்கக் கற்றவர் எத்தனை பேர் வந்தனர்? இவ்வுரையின் மையக் கேள்வி அதுவே.

கோடை விடுமுறையின் விலை

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை என்பது நீச்சல் வகுப்பு, கணினி வகுப்பு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி. தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது கூலிக் காலம். காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை ஆம்பூர்ப் பகுதியில் வீடுகளிலும் நடக்கிறது. இணைக்கு இவ்வளவு என்று கூலி. தாயும் மகளும் சேர்ந்து அமர்ந்தால் சற்று மிகும். விடுமுறை வந்தால் மகளின் முழுநாளும் அதற்குப் போகிறது. மகனோ கடையிலும் பட்டறையிலும் உதவிக்கு நிற்கிறான். ஆறு வாரக் கூலி அக்குடும்பத்துக்குப் பள்ளிச் சீருடை, வாடகைப் பாக்கி, பாட்டியின் மருந்து.

ஆகவே, "இலவசமாக அறிவியல் முகாம் நடத்துகிறோம், பிள்ளையை அனுப்புங்கள்" என்று அழைத்தால் மட்டும் அப்பிள்ளை வர முடியாது. கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் வராத கூலி அக்குடும்பம் செலுத்தும் கட்டணமாகிறது. இந்த ஒன்றை உணராத திட்டங்கள் நல்லெண்ணத்தோடு தொடங்கி, நடுத்தர வகுப்புப் பிள்ளைகளாலேயே நிரம்பிவிடுகின்றன.

இதனை முதலில் உணர்ந்து திட்டம் அமைத்தவருள் அமெரிக்க வேதியியல் கழகத்தாரும் அடங்குவர். 1968இல் அவர்கள் தொடங்கிய 'புராஜெக்ட் சீட்' என்னும் திட்டம் அரை நூற்றாண்டைக் கடந்து நடந்து வருகிறது. சீட் என்னும் சுருக்கப் பெயர் ஆங்கிலத்தில் விதை என்றும் பொருள்படும். வருமானம் குறைந்த குடும்பத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அது தேர்கிறது. கோடையில் எட்டு முதல் பத்து வாரம் பல்கலைக்கழகம், அரசு ஆய்வகம், தொழிற்சாலை ஆய்வகம் ஆகியவற்றில் வேதியியல் அறிஞர் ஒருவரின் கீழ் அமர்த்துகிறது. மாணவருக்கு உதவித்தொகை உண்டு. அவர் செய்வது வகுப்புப் பாடப் பயிற்சி அன்று. அந்த அறிஞர் உண்மையாகவே நடத்தும் ஆய்வின் ஒரு பகுதி. முடிவில் அவர் தம் ஆய்வை எழுதியும் விளக்கியும் காட்ட வேண்டும். வறுமை, உதவித்தொகை, தனி வழிகாட்டி, உண்மையான ஆய்வு என்னும் நான்கும் ஒன்றாகப் பிணைந்ததே அத்திட்டத்தின் வலிமை. நான்கில் ஒன்றை நீக்கினாலும் மற்றவை தளர்ந்துவிடும்.

இந்நாட்டில் உள்ளவை

இந்தியாவிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1999இல் தொடங்கிய கிஷோர் வைஞானிக் புரோத்சாஹன் யோஜனா அறிவியல் ஆர்வமுள்ள இளையோருக்கு உதவித்தொகையும் கோடை முகாமும் தந்து, 2022ஆம் ஆண்டோடு முடிவுற்றது. நடுவணரசின் இன்ஸ்பயர் திட்டம் பத்தாம் வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு ஒருவராக நிற்கும் மாணவரை ஐந்து நாள் முகாமுக்கு அழைத்து அறிஞர்களோடு உரையாட வைக்கிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2019 முதல் 'யுவிகா' என்னும் இளம் அறிவியலாளர் திட்டத்தைக் கோடையில் நடத்துகிறது. அதில் கிராமப்புறப் பள்ளி மாணவருக்குத் தேர்வில் தனி மதிப்பு உண்டு. பயணச் செலவும் தங்குமிடமும் நிறுவனத்தின் பொறுப்பு. அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் 2017 ஜூலையில் கேந்திரிய வித்யாலயங்களோடு இணைந்து 'ஜிஞ்ஞாசா' திட்டத்தைத் தொடங்கிப் பள்ளி மாணவருக்கு 38 ஆய்வகங்களின் வாயிலைத் திறந்தது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அக்கழகத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டு அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களைக் கொண்டு செல்கிறது.

இவை யாவும் போற்றத் தக்கவை. எனினும் ஆம்பூரில் மேல்தோல் தைக்கும் பெண்ணின் பக்கத்தில் நின்று பார்த்தால் இடைவெளி தெரியும். மதிப்பெண்ணால் தேரும் திட்டம், தனிப்பயிற்சி பெற்றவரையே முதலில் தேரும். கேந்திரிய வித்யாலயத்தில் முன்னுரிமை நடுவணரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு. சில நாள் முகாம் ஆர்வத்தை மூட்டும். ஆய்வைக் கற்பிக்க நாள் போதாது. வானவில் மன்றம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில், வாழ்வின் திசை முடிவாகும் அந்த ஓராண்டில், தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கென்று ஆறு வார ஆய்வுப் பயிற்சி தேவைப்படுகிறது. அரசின் திட்டங்களுக்கு இடையே எஞ்சும் அச்சிறு வெளியே ஓர் அறக்கட்டளையின் கைக்கு எட்டும் இடம்.

ஆய்வு என்பது யாது?

பள்ளிச் சோதனையில் விடை முன்பே தெரியும். ஆசிரியருக்கும் தெரியும், செய்முறை ஏட்டிலும் இருக்கும். மாணவர் அவ்விடைக்கு வந்து சேர்ந்தால் மதிப்பெண். ஆய்வில் விடை எவருக்கும் தெரியாது. இந்த வேறுபாடே ஒரு பிள்ளையின் மனத்தை மாற்றக் கூடியது.

எடுத்துக்காட்டாக, தன் தெருக் கிணறு ஏன் உவர்க்கிறது என்று ஒரு மாணவி கேட்பதாகக் கொள்ளலாம். முதலில் அவள் நீரின் மின்கடத்து திறனை அளந்து, அதில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணிப்பாள். குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. பிறகு கடினத் தன்மையைத் தரம்பார்த்தல் முறையில் காண்பாள். குரோமியம் உண்டா என்று அறிய, அமிலம் சேர்த்த நீரில் டைஃபீனைல் கார்பசைடு என்னும் வினைப்பொருளை விடுவாள். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இருந்தால் செவ்வூதா நிறம் தோன்றும். நிறமாலை ஒளிமானியில் 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்நிறத்தின் ஆழத்தை எண்ணாகப் படிப்பாள்.

அப்போது அவள் எதிர்பாராத ஒன்றைக் காணக்கூடும். பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம், காரத்தன்மை சேர்ந்தால் கரையாமல் படிந்துவிடும். எளிதில் நீங்காதது சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டே வருகிறது. ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரில் இறங்குகிறது. கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று அழிக்காது. மண்ணும் தடுத்து நிறுத்தாது. ஊரார் நஞ்சு என்று அஞ்சும் குரோமியம் ஒரு கிணற்றில் காணப்படாமலும், எவரும் அஞ்சாத உப்பு அதே கிணற்றைக் கெடுத்தும் இருக்கலாம். மற்றொரு கிணற்றில் அந்த உப்புக்குச் சாக்கடையோ அடிப்பாறையோ காரணமாகலாம். ஒவ்வொன்றையும் பிரித்தறிய வேண்டும். ஒரே நீரை மும்முறை அளக்க வேண்டும். தூய நீரையும் உடன் அளந்து கருவியின் பிழையை நீக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

இவ்வாறு ஒரு பொருளைப் பல பக்கமும் நோக்கி, ஒரு நோக்கில் கண்டதை அந்நோக்குக்கு உட்பட்ட உண்மையாக மட்டும் கூறும் பண்பே அநேகாந்தம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை வளர்த்தவரும், 1964 முதல் 1966 வரை நாட்டின் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவருமான தௌலத் சிங் கோத்தாரி, சமண நெறியில் ஊன்றியவர். சியாத்வாதத்தையும் நவீன இயற்பியலின் நிரப்புமைக் கோட்பாட்டையும் ஒப்புநோக்கி எழுதியவர். ஆய்வுக்கூடத்தில் பொறுமையோடு அளக்கும் மாணவி, அநேகாந்தம் என்னும் சொல்லை அறியாதவளாயினும், அதனைக் கைப்பழக்கமாகவே கற்கிறாள். ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் பாயிரத்திலேயே வகுத்துரைத்த நன்னூலை இயற்றியவர் பவணந்தி என்னும் சமண முனிவர் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

ஓர் ஐயம்

இவ்விடத்தில் சமண அவையில் எழக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. அதனை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையன்று. இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைச் சமண நூல்கள் கர்மாதானம் எனத் தொகுக்கின்றன. தந்தம், தோல் முதலிய விலங்குறுப்புகளை வாணிகம் செய்வதும் அவற்றுள் அடங்கும். தோற்செருப்பும் அணியாத குடும்பங்கள் இச்சமூகத்தில் உள்ளன. அவ்வாறிருக்க, தோல் தொழிலால் வாழும் வீட்டுப் பிள்ளைக்கு, அதிலும் ஒருவேளை தோல் ஆராய்ச்சி நிலையத்திலேயே பயில்வதற்கு, சமணர் பொருள் செலவாகலாமா?

இந்த ஐயத்துக்குப் பின்னே உள்ள உணர்வு உயர்ந்தது. ஆயினும் மூன்று செய்திகள் எண்ணிப் பார்க்கத் தக்கன.

முதலாவது, விரதம் அதனை ஏற்றவரின் ஒழுக்கத்தைக் கட்டுப்படுத்துவது; பிறருடைய வறுமைக்குத் தண்டனை விதிப்பது அன்று. ஈரத்தோலைக் கையாளும் கடும்பணி தலைமுறை தலைமுறையாகப் பெரிதும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மீதே சுமத்தப்பட்டு வந்தது. அத்தொழிலை அவர்கள் விரும்பித் தேர்ந்தனர் என எவரும் கூற இயலாது. அப்பணியிலிருந்து வேறு வழியைத் திறந்து விடுவது அபய தானத்துக்கும் அணித்தானது. தொழிலின் பெயரால் பிள்ளையை ஒதுக்கினால் அது அஹிம்சை என்னும் பெயரில் நிகழும் தீண்டாமை ஆகிவிடும்.

இரண்டாவது, மண், நீர், தீ, காற்று, மரம் ஆகியவற்றை ஓரறிவுயிராகக் கருதுவது சமணக் கொள்கை. நீரையே உயிராகக் காணும் சமயத்தார், அந்நீர் கெடாமல் காக்கும் அறிவை வளர்ப்பதில் முன்னே நிற்க வேண்டியவர். நீரின்றிக் குரோமியப் பதனிடும் முறையை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. விலங்கின் உயிர் பற்றிய கேள்வியை அது தீர்க்கவில்லை. ஆற்றின் உயிர் பற்றிய கேள்விக்கு அது ஒரு விடை. இரண்டையும் குழப்பாமல் தனித்தனியே நோக்குவதே நேர்மை.

மூன்றாவது, எங்கே அனுப்புவது என்பதை அறக்கட்டளையே முடிவு செய்யலாம். விலங்குகளை அறுக்கும், வதைக்கும் ஆய்வு எதற்கும் பொருள் தருவதில்லை என எழுதி வைக்கலாம். தோல் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்க மனம் இசையாத பெரியோர் இருந்தால் அவர்களை வற்புறுத்தவும் தேவையில்லை. இவ்வட்டாரத்தில் வேறு வாயில்கள் உண்டு. வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வான்காணகம் இருக்கிறது, அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது. யுரேனஸ் கோளின் வளையங்களை 1977இல் கண்டறிந்த நோக்கல்களில் காவலூருக்கும் பங்குண்டு. விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. உவர்நிலத்துப் பயிர் பற்றிய கேள்விக்கு அதுவே உரிய இடம். வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர் தொழில்நுட்ப நிறுவனம், ஊரிசுக் கல்லூரி. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி எனப் பல சமயத்தாரும் நிறுவிய கல்விக்கூடங்கள் அருகருகே நிற்கின்றன. அவற்றின் ஆய்வுக்கூடங்கள் பல கோடையில் ஓய்ந்து கிடக்கின்றன.

முன் நடந்தவர்

செல்வமும் அறிவும் ஒருங்கே பெற்ற சமணக் குடும்பத்தில் பிறந்தவர் விக்ரம் சாராபாய். இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை என நாடு அவரைப் போற்றுகிறது. பள்ளிப் பிள்ளைகள் தம் கையால் சோதனை செய்து பழகுவதற்கென்றே அகமதாபாத்தில் சமுதாய அறிவியல் மையம் ஒன்றை அவர் உருவாக்கியது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1968 டிசம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் சர் சி. வி. இராமன். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பது அன்று அவர் பிள்ளைகளுக்கு ஆற்றிய உரையின் பொருள். நோபல் பரிசு பெற்ற முதியவர் ஒருவர் சிறுவரும் கேட்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நின்ற காட்சி, ஆய்வின் தொடக்கம் கேள்வியே என்பதற்கு நல்ல சான்று.

மற்றொருவர் எலவர்த்தி நாயுடம்மா. குண்டூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1922இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தோல் என்றாலே முகம் சுளித்த காலத்தில் அதனையே தம் அறிவியலாகக் கொண்டார். 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1958இல் இயக்குநராகி, பின்னர் அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். அறிவியல் ஏழையின் வாசலுக்குச் செல்ல வேண்டும் என்பதே அவர் நோக்கு. 1985 ஜூனில் கனிஷ்கா விமானம் வீழ்ந்தபோது அவரும் மறைந்தார். சிற்றூரில் பிறந்த ஒருவருக்கு வழி திறந்ததால் நாடு பெற்ற பயனுக்கு அவர் வாழ்வே அளவுகோல்.

செய்யத் தக்கது

பெருந்திட்டம் வேண்டியதில்லை. முதலாண்டில் பத்து மாணவர் போதும். அவருள் பாதிக்குக் குறையாமல் பெண்கள். தேர்வுக்கு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், குடும்ப நிலையையும், "உன் ஊரில் உனக்கு விளங்காத ஒன்றை எழுது" என்னும் ஒரு பக்கக் கட்டுரையையும் கொள்ளலாம். சாதியும் சமயமும் கேட்கப்படுதல் கூடாது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் பரிந்துரைக்கலாம். கேள்வி கேட்டுத் தொல்லை தரும் பிள்ளை யார் என்பதை அவர்கள் நன்கறிவர்.

உதவித்தொகை அன்பளிப்பாக அன்றி, இழக்கும் கூலிக்கு ஈடாகக் கணிக்கப்பட வேண்டும். வாரந்தோறும் மாணவரின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். ஆறு வாரம் முடிந்து மொத்தமாகத் தருவதாயின் இடையில் குடும்பம் தவிக்கும். பேருந்துச் செலவும் மதிய உணவும் தனியே தரப்பட வேண்டும். பெண்பிள்ளைகள் மாலைக்குள் வீடு திரும்பும் தொலைவில் ஆய்வுக்கூடம் அமைதல் நலம். வெளியூராயின் பாதுகாப்பான விடுதியும், உடன் தங்கும் ஆசிரியையும் வேண்டும். தொடக்கத்திலேயே பெற்றோரை ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று காட்டுவது ஆயிரம் சொற்களைவிடப் பயன்தரும்.

மொழி ஒரு தடையாகும். தமிழ்வழியில் பயின்ற மாணவர் ஆய்வுக்கூடத்து ஆங்கிலத்தில் வாயடைத்துப் போவதுண்டு. ஆதலின் வழிகாட்டிக்குத் துணையாகத் தமிழில் விளக்கும் ஆய்வு மாணவர் ஒருவர் வேண்டும். குறிப்பேட்டை மாணவர் தமிழிலேயே எழுதலாம். எண்களுக்கு மொழி இல்லை. முடிவில் ஒவ்வொருவரும் தம் பள்ளியில் தமிழில் தம் ஆய்வை எடுத்துரைக்க வேண்டும். ஒரு மாணவியின் உரை நூறு மாணவியருக்குக் கதவு.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கிணற்றை அளந்த பிள்ளையின் தந்தை அருகிலுள்ள ஆலையிலேயே பணிபுரியலாம். உண்மை வெளிப்பட்டால் குடும்பத்தின் பிழைப்புக்கு ஊறு நேரலாம். உண்மையை மறைப்பது வாய்மைக்கு இழுக்கு. பிள்ளையைத் தீங்குக்கு ஆளாக்குவது அஹிம்சைக்கு இழுக்கு. எனவே அளவைகள் ஆலையின் பெயரோ வீட்டின் பெயரோ இன்றிப் பகுதிவாரியாகத் தொகுக்கப்பட வேண்டும். அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டியதை வழிகாட்டும் பேராசிரியரே தெரிவிக்க வேண்டும். சுமையைப் பெரியவர் தாங்க, கல்வியைப் பிள்ளை பெற வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பின்னும் தொடர்பு அறுதல் ஆகாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் கல்லூரி விண்ணப்பம், அரசு உதவி ஆகியவற்றில் வழிகாட்ட ஒருவர் வேண்டும். அரசுப் பள்ளி மாணவிக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், அதுபோல மாணவருக்கு உள்ள தமிழ்ப் புதல்வன் திட்டமும், தொழிற்கல்வியில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும் இருக்கின்றன. இருந்தும் அறியாமையால் தவறவிடுவோர் உளர். ஒரு தொலைபேசி அழைப்பு அங்கே ஓர் ஆண்டுக் கல்வியைக் காக்கும்.

பத்துப் பேரும் அறிவியலாளர் ஆகிவிடுவர் என்று எதிர்பார்ப்பது பேராசை. சிலர் காலணி ஆலைக்கே செல்லக்கூடும். அவ்வாறு சென்றாலும், குழாயில் வரும் நீரையும் கையில் படும் வேதிப்பொருளையும் கேள்வி கேட்கத் தெரிந்தவராகச் செல்வர். ஒருவர் ஆசிரியர் ஆகலாம். ஒருவர் சுத்திகரிப்பு நிலையத்தின் வேதியியலர் ஆகலாம். எவ்வழி சென்றாலும், விடை தெரியாத ஒரு கேள்வியோடு ஆறு வாரம் அமர்ந்து பழகிய மனம் பழைய மனமாக இராது.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஞானம் நடுவில் நிற்கிறது. காட்சி தெளிந்தால் ஞானம் வளரும்; ஞானம் வளர்ந்தால் ஒழுக்கம் நிலைக்கும். விளாப்பாக்கத்துக் குரத்தியார் அமைத்த கிணற்றில் நீர் இறைக்க வந்தவர் யார் எவர் என்று கேட்கப்பட்டதாகச் செய்தி இல்லை. அக்கிணற்றின் வழியில் வந்த அறமாக, இவ்வாண்டு விழாவின் அன்னதானத்தோடு ஞானதானத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படுமாயின், அடுத்த கோடையில் பத்து வீடுகளில் ஊசியும் நூலும் சற்று ஓய்ந்து, பத்துக் குறிப்பேடுகள் திறக்கும்.

எல்லா உயிரும் இன்புறுக. அறம் வளர்க.